மூன்றாம் தந்தி, ஒன்பதாவது ஃப்ரெட்: சொந்த டோனைத் தேடும் ஒரு வழி

போன மாதம் என்னிடம் கிட்டார் படிக்கும் ஒரு தம்பி செல்போனில் ஒரு பட்டியலைக் காட்டினான். ஒரு ஃபஸ் பெடல், ஒரு டிலே (எதிரொலி தருவது), ஒரு கோரஸ், எல்லாம் காலால் மிதித்து கிட்டார் சத்தத்தை மாற்றும் பெட்டிகள்; கூடவே தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்களான புது பிக்கப் செட். கூட்டிப் பார்த்தால் அறுபதாயிரம் ரூபாயைத் தாண்டியது. "மாஸ்டர், இதெல்லாம் வாங்கிட்டா கில்மோர் டோன் வந்துடுமா?" என்று கேட்டான். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மோரைச் சொன்னான்; டோன் என்றால் ஒருவரின் கிட்டார் சத்தத்துக்கே உரிய தனி நிறம். அம்பத்தூரில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது அவனுக்கு. "ஒரு மாசம் பொறு தம்பி. காசு செலவழிக்காம என்ன வருதுன்னு முதல்ல பாப்போம்" என்றேன். அந்த ஒரு மாதத்தில் அவனோடு உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீடு அயனாவரம். இருபது வருடங்களுக்கு மேல் லைட் மியூசிக் குழுக்களில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்திருக்கிறேன். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, ஆடி மாதக் கூழ் ஊற்றும் தெரு மேடை, எல்லாம் பார்த்தாயிற்று. எங்கள் தொழிலே நகல் எடுப்பதுதான். ரெக்கார்டில் இருப்பது அப்படியே வர வேண்டும். ராஜா சார் பாட்டுக்கு வரும் கிட்டார் பிட்டில் ஒரு ஸ்வரம் மாறினாலும் முன் வரிசையில் இருக்கும் யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார். அதனால் நகல் எடுப்பதை நான் கேவலமாகப் பேச மாட்டேன். என் காதை வளர்த்ததே அதுதான்.

ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கச்சேரியை மிக்சரிலிருந்து கேசட்டில் பதிவு செய்து தந்தார்கள். அப்போது எனக்கு ஹெவி மெட்டல் பைத்தியம். வீட்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, ஆம்பில் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) கீழ்ச்சத்தமான பேஸை ஏற்றி, மேல்சத்தமான ட்ரெபிளை ஏற்றி, நடுச்சத்தத்துக்கான மிட் நாபை முழுக்கக் குறைத்து, நான் விரும்பிய இசைக்குழுவின் டோனை அப்படியே கொண்டு வந்துவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கேசட்டைப் போட்டால் என் கிட்டாரையே காணோம். டிரம்ஸ் இருக்கிறது, பேஸ் கிட்டார் இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, பாடகர் இருக்கிறார். நான் வாசித்த இடத்தில் ஒரு இரைச்சல் மட்டும் இருக்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. கிட்டாரின் அடித்தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி அதில் பாதி, 41. அந்தக் கீழ்ப்பகுதியை பேஸும் கிக் டிரம்மும் பிடித்துக்கொள்கின்றன. மேலே சிம்பலும் பாடகரின் 'ஸ' சத்தமும். கிட்டாருக்கு மிஞ்சுவது நடுப்பகுதிதான், அதைத்தான் நான் அணைத்து வைத்திருந்தேன். இன்னொன்று: குறைந்த சத்தத்தில் கேட்கும்போது மனிதக் காதுக்குக் கீழ்ச்சத்தமும் மேல்சத்தமும் கம்மியாகத்தான் கேட்கும். ராத்திரி பத்து மணிக்கு, பக்கத்து வீட்டுக்காரர் திட்டக் கூடாதே என்று மெல்ல வைத்துக்கொண்டு டோன் செய்தால், கை தானாக பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றிவிடும். அதையே மேடையில் சத்தமாக வைத்தால் அடி குழம்பும், மேல்பக்கம் காதைக் குத்தும். ஆகவே படுக்கையறையில் கண்டுபிடித்த டோனை முடிவான டோன் என்று யாரும் எழுதி வைக்க வேண்டாம்.

கில்மோர் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பல வருடங்கள் வாசித்தது 100 வாட் ஹைவாட் ஆம்ப்களில். ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் எரிக் க்ளாப்டன் 1966இல் ஜான் மேயாலின் குழுவோடு வாசித்தபோது, ஸ்டுடியோவிலும் மார்ஷல் ஆம்பைக் கச்சேரி சத்தத்தில் வைத்துத்தான் பதிவு செய்தார். அந்த டோனில் பாதி, ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும் அந்த விசை. அயனாவரத்தில் இரண்டாவது மாடியில் அந்த ஆம்பே கிடைத்தாலும் அந்தச் சத்தத்தில் வைக்க முடியாது. மிச்சப் பாதி அவர்கள் கையில் இருக்கிறது. அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கிட்டார், ஒரு கேபிள், ஆம்ப். சின்ன ட்ரான்சிஸ்டர் ஆம்பே போதும். ஆம்பின் பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றும் நடுவில். ரிவர்ப் (அறை எதிரொலி) கூட வேண்டாம். கிட்டாரின் வால்யூமை முழுக்கத் திறக்காமல் ஏழில் வையுங்கள். மேலே போகவும் கீழே வரவும் இடம் இருந்தால்தான் அந்த நாப் உங்களுக்கு உதவும்.

உடனே ஒரு 'ஹம்' கேட்கும். நம் ஊர் வீடுகளில் இது பெரிய தொல்லை. ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் என்றால் அது சுற்றியிருக்கும் கரண்டின் இரைச்சலை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ஹம்பக்கரில் இரண்டு காயில்கள் ஒன்றின் இரைச்சலை ஒன்று அடித்துவிடும். பழைய சோக் வைத்த ட்யூப் லைட்டை அணைத்துப் பாருங்கள். திருகி வேகம் மாற்றும் ஃபேன் ரெகுலேட்டர் இருந்தால், பாதி வேகத்தில் அது அதிகமாக இரையும். முழு வேகத்தில் வைத்தால் பெரும்பாலும் குறைந்துவிடும். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பயிற்சி செய் என்று சொல்ல எனக்கு மனசு வராது, அதனால் இந்த வழி. நாற்காலியோடு கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாலும் ஹம் குறையும் ஒரு திசை கிடைக்கும். தந்தியைத் தொட்டவுடன் இரைச்சல் குறைவது இயல்பு. ஆனால் தந்தியைத் தொடும்போது சுரீர் என்று லேசாக ஷாக் அடித்தால் அப்போதே ஸ்விட்சை அணைத்துவிட்டு எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளில் மூன்று முனை சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் ஒயரே இருக்காது. இதில் விளையாட்டு வேண்டாம்.

இப்போது நான் எல்லோருக்கும் கொடுக்கும் பயிற்சி. ஒரே ஸ்வரத்தை நான்கு இடத்தில் வாசியுங்கள். முதல் தந்தியைத் திறந்தபடி, அதாவது எங்கும் அழுத்தாமல், மீட்டினால் மேற்கத்திய ஸ்வரம் 'ஈ' (E). அதே 'ஈ', அதே உயரத்தில், இரண்டாம் தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிக் கட்டு) இருக்கிறது, மூன்றாம் தந்தியின் ஒன்பதாவதில் இருக்கிறது, நான்காம் தந்தியின் பதினான்காவதில் இருக்கிறது. ஸ்வரம் ஒன்றுதான், ஆள் நான்கு பேர். திறந்த தந்தி கண்ணாடி மாதிரி. இரண்டாம் தந்தி கொஞ்சம் மெலிசு. மூன்றாம் தந்தியில் ஒரு தடிப்பு வரும். நான்காம் தந்தி சுற்றுக்கம்பி என்பதால் தொண்டை கட்டிய குரல் போல ஒரு இருட்டு இருக்கும். ஒவ்வொன்றையும் தந்திகள் உடலில் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் பக்கத்தில் மீட்டிப் பாருங்கள், பிறகு பிக்கப்களுக்கு நடுவில், பிறகு கழுத்துப் பக்கத்தில். மீட்டும் வில்லையான பிக்கை நேராகவும் சாய்த்தும் பிடித்துப் பாருங்கள். பிறகு பிக்கே இல்லாமல் கட்டைவிரலால். இதை முழுவதும் செல்போனில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்காதீர்கள், வாசித்த கை இன்னும் காதில் பேசிக்கொண்டிருக்கும்.

எதைக் கேட்டதும் 'இன்னொரு தடவை போடு' என்று தோன்றுகிறதோ, அதை நோட்டில் எழுதுங்கள். எனக்கு அது மூன்றாம் தந்தி, ஒன்பதாவது ஃப்ரெட், கழுத்துப் பிக்கப், பிக்கைச் சாய்த்து. இன்றும் என் சோலோக்கள் அந்தப் பக்கம்தான் போய் நிற்கின்றன. அந்தத் தம்பிக்கு நான்காம் தந்தி பிடித்தது. நான் எதிர்பார்க்கவே இல்லை.

இரண்டாவது வாரத்தில் நகல் எடுக்கலாம். ஆனால் ஒரே ஒரு ஆள், நான்கே நான்கு பார் (தாளச் சுற்று). முழுப் பாட்டு வேண்டாம். முதலில் அந்த வரியை வாயால் பாடுங்கள். பாட வராத இடம் கையிலும் வராது. பிறகு வாசித்துப் பதிவு செய்து, அசலையும் உங்களுடையதையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஆம்பைத் தொடாதீர்கள். கேட்க வேண்டியது மூன்று: ஸ்வரம் எப்படித் தொடங்குகிறது, எங்கே முடிகிறது, வைப்ரேட்டோ, அதாவது ஸ்வரத்தை அசைப்பது, எவ்வளவு நேரம் கழித்து ஆரம்பிக்கிறது. பெரும்பாலானவர்கள் தொடக்கத்தை மட்டும் கேட்கிறார்கள். முடிவில்தான் ஆள் தெரியும். கில்மோர் தந்தியை வளைத்து ஸ்வரத்தை ஏற்றும் நீண்ட பெண்டுகளில், அவர் ஸ்வரத்தை மேலே கொண்டுபோய் அங்கே கொஞ்சம் நிற்கவிட்டு, அப்புறம்தான் அசைக்கிறார். அந்தத் தம்பி முதல் நொடியிலிருந்தே அசைத்துக்கொண்டிருந்தான். எந்தப் பெடலாலும் அதைச் சரி செய்திருக்க முடியாது.

இரண்டு வாரம் இப்படி உழைத்தும் ஒட்டாத இடங்கள் சில மிஞ்சும். அவற்றை நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள். எனக்கு இந்தத் தேடலிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பி.பி. கிங்கின் உறவினர் புக்கா வைட், ஸ்லைடு (விரலில் குழாய் மாட்டித் தந்திமேல் சறுக்குவது) வாசிப்பதில் மன்னர். கிங்குக்கும் அந்தச் சத்தம் வேண்டும், ஆனால் ஸ்லைடு கைக்கு வரவில்லை. அதை வெறும் விரலால் கொண்டுவர முயன்றதில்தான் உலகமே அடையாளம் கண்டுகொள்ளும் அந்த வைப்ரேட்டோ பிறந்தது. பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி பர்மிங்ஹாமில் ஒரு தகரப் பட்டறையில் வேலை செய்தபோது, பதினேழு வயதில், வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடது கைக்காரர்; தந்தியை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய தந்திகளுக்கு மாறினார், பிறகு சுதியையும் இறக்கினார். பின்னால் வந்த ஹெவி மெட்டலின் கனத்த சத்தத்துக்கு அங்கே ஒரு வேர் இருக்கிறது. உங்கள் சிவப்பு மைக் குறிப்புகளைத் திருத்தியே ஆக வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். சுதி விலகல், தாளம் தப்புதல் என்றால் திருத்துங்கள். மற்றதை ஒரு மாதம் அப்படியே வைத்துப் பழகுங்கள்.

மூன்றாவது வாரம்தான் அந்தத் தம்பிக்கு விசித்திரமாகப் பட்டது. கிட்டாரிஸ்ட்டை விடு, வேறு வாத்தியத்தை நகல் எடு என்றேன். நம் ஊரில் இது புதிதல்ல. கர்நாடக சங்கீதப் பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியம், டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தில் கேட்டதைத் தன் குரலுக்குக் கொண்டுவந்தார். ஒரு பாணியே உண்டானது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ், எட்டுத் தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும் மாண்டலினை விட்டுவிட்டு, ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினில் கமகம் வாசித்தார். நம் சென்னை ஐஐடியில் படித்த கிட்டார் பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்நாடக சங்கீதம் வாசிக்கிறார். ஒரு கிட்டாரிஸ்ட் இன்னொரு கிட்டாரிஸ்ட்டை நகல் எடுத்தால் இரண்டாவது பிரதிதான் கிடைக்கும். நாகஸ்வரத்தையோ ஒரு பாட்டுக்காரரையோ நகல் எடுத்தால், அது கிட்டாரில் முழுக்க வரவே வராது. வராமல் போகிற அந்த இடைவெளியை உங்கள் கைதான் ஏதாவது செய்து நிரப்ப வேண்டும்.

நான் எடுத்தது எங்கள் தெருக் கோயில் நாகஸ்வரம். செய்முறை சொல்கிறேன். நாகஸ்வரத்தில் தந்தியைத் தட்டும் 'டிக்' கிடையாது, ஊதுகிறார்கள். அதனால் வால்யூம் நாபைச் சுண்டுவிரலால் மூடி, மீட்டிய பிறகு மெல்லத் திறக்க வேண்டும். ஸ்வரம் நீள வேண்டும், அதற்குக் கொஞ்சம் ஓவர்டிரைவ் (சத்தத்தை லேசாகக் கரகரப்பாக்கி நீட்டுவது). சுருதி தெளிவாகக் கேட்கும் அளவுக்கு மட்டும். அந்த மூக்குச் சத்தத்துக்கு பேஸைக் குறைத்து மிட்டை ஏற்றுங்கள். தந்தி விட்டுத் தந்தி தாவாமல் ஒரே தந்தியில் மேலும் கீழும் சறுக்குங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள். நான் வாசிப்பது நாகஸ்வரம் மாதிரி இருக்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் "இது உங்க கைதானே" என்று கேட்டிருக்கிறார்கள். தம்பி தன் பாட்டியின் ஒப்பாரியை எடுத்துக்கொண்டான். அவன் ஊர் திண்டிவனம் பக்கம். அதைக் கேட்ட அன்று நான் வேறு பாடம் எடுக்கவில்லை.

கருவிப் பக்கம் கொஞ்சம். பிக் விலை குறைவு, அதிலிருந்து தொடங்குங்கள்: 0.6, 0.73, 0.88, 1 மில்லிமீட்டர் என்று வகைக்கு ஒன்று வாங்குங்கள். குவீன் குழுவின் பிரையன் மே பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிப்பவர். நானும் செல்லாமல் போன 25 பைசாவால் வாசித்துப் பார்த்தேன். தொடக்கத்தில் ஒரு கரகரப்பு வரும், ஒரு சில பாட்டுக்கு அருமை, தந்தி மட்டும் சீக்கிரம் தேயும். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாப்ளர் பிக்கையே தொடாமல் விரலால் வாசித்துத்தான் அந்தச் சத்தத்தைப் பெற்றார்.

பிக்கப்பின் உயரத்தை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் மாற்றலாம், இலவசம். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, சிங்கிள் காயில் என்றால் தடித்த தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆரம்பியுங்கள். மிக நெருக்கமாக ஏற்றினால் காந்தம் தந்தியை இழுத்து, மேல் ஃப்ரெட்களில் ஸ்வரம் சுதி விட்டு அலையும். நான் எப்போதும் கொஞ்சம் இறக்கித்தான் வைப்பேன். சத்தம் குறையும், ஆனால் மெதுவாக மீட்டுவதற்கும் பலமாக மீட்டுவதற்கும் வித்தியாசம் நன்றாகக் கேட்கும்.

டோன் நாபை யாரும் தொடுவதே இல்லை, அது எனக்கு வருத்தம். க்ளாப்டன் க்ரீம் என்ற குழுவில் இருந்த காலத்தில் அதை முழுக்க மூடித்தான் அந்தப் பெண் குரல் போன்ற டோனைக் கொண்டுவந்தார். அந்த நாபில் இருப்பது ஒரு சின்ன கெப்பாசிட்டர். உச்சச் சத்தத்தை எர்த்துக்கு வழித்துவிடுகிறது. ரிட்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். 223 என்று அச்சிட்டிருந்தால் 0.022 மைக்ரோஃபாரட், 473 என்றால் 0.047. இரண்டையும் வாங்கி வாருங்கள். நாப் முழுக்கத் திறந்திருக்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. மூட மூட, 473 சீக்கிரம் இருட்டாகும், 223 கொஞ்சம் வெளிச்சம் விட்டுவைக்கும். சால்டரிங் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள், பத்து நிமிட வேலை.

தந்தி பற்றி ஒன்றே ஒன்று. நம் ஊர் வியர்வையிலும் கடல் காற்றிலும் தந்தி வேகமாகத் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். செத்த தந்தியை வைத்துக்கொண்டு ட்ரெபிள் போதவில்லை என்று பெடல் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அதே போலப் புதுத் தந்தி போட்ட அன்றே டோனை முடிவு செய்யாதீர்கள், இரண்டு நாள் வாசித்த பிறகு பாருங்கள்.

நான்காவது வாரம் மனிதர்களோடு வாசிக்க வேண்டும். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கிடைக்கும் ஜாம் அறை ஒன்றில், ஒரு டிரம்மர், ஒரு பேஸ். இரண்டு மணி நேரம் போதும். செல்போனை ஆம்ப் பக்கத்தில் வைக்காமல் அறையின் எதிர் மூலையில் வையுங்கள். கேட்பவர் அங்கேதான் இருப்பார். கிட்டார் காணாமல் போனால் வால்யூமை ஏற்றாதீர்கள், மிட்டை ஏற்றுங்கள். குழம்பினால் பேஸைக் குறையுங்கள். தனியாகக் கேட்டால் அந்த டோன் மெலிந்து, கொஞ்சம் அசிங்கமாகக் கூட இருக்கும். கூட்டத்தில் சரியாக உட்கார்ந்துவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகு, உங்கள் டோனில் எது போதவில்லை என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் கடைக்குப் போங்கள். "ஸ்வரம் நீளமாக நிற்கவில்லை" என்றால் ஓவர்டிரைவோ, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரசரோ. "பாடகர் நிறுத்தும்போது வெறுமையாக இருக்கிறது" என்றால் டிலே. அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் போன்ற கடைக்கு உங்கள் கிட்டாரையே எடுத்துப்போய், அதில் மாட்டிக் கேளுங்கள். கடைக் கிட்டாரில் நன்றாக இருந்த பெடல் உங்களுடையதில் வேறு மாதிரி இருக்கும். தம்பி கடைசியில் வாங்கியது ஒரே ஒரு டிலே பெடல். மீதிப் பணம் பேங்க்கில் இருக்கிறது.

கச்சேரிக்குக் கூலி வாங்கி வாசிக்கும்போது மட்டும் கணக்கு வேறு. பாட்டின் தொடக்கத்தில் வரும் கிட்டார் பிட்டை அசலில் இருக்கும்படியே கொடுங்கள், ஜனம் அதற்காகக் காத்திருக்கிறது. அந்தப் பழைய சினிமாப் பாட்டுப் பதிவுகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசித்தார்கள், கிட்டார் சத்தம் எளிமையாகவே இருக்கும். மல்டி எஃபெக்ட்ஸில் அதைத் தேட வேண்டாம். இரண்டாவது இடையிசைக்குப் பிறகு பாடகர் ஒரு மூச்சு வாங்குவார். அங்கே உங்கள் வரி ஒன்றை வையுங்கள்.

மாதம் முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே வரியை நீங்களும் இன்னும் இரண்டு நண்பர்களும், அவரவர் கிட்டாரில், பதிவு செய்யுங்கள். வீட்டில் சங்கீதம் பற்றி அதிகம் பேசாத ஒருவரிடம் பெயர் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். நான் என் மனைவியிடம் போட்டேன். இரண்டாவது பதிவு பாதி ஓடும்போதே, "இது நீங்க. கடைசில இழுத்து விடுறீங்களே, அது" என்றாள். என் நோட்டில் சிவப்பு மையில் இருந்த முதல் வரி அதுதான்.